அம்மாவை ஞாபக டெஸ்டுக்குக் கூட்டிப்போகும் முன்

"இது என்ன மாசம்மா?" என்று ஞாபக டெஸ்டு எடுத்த தம்பி கேட்டார். "வைகாசி" என்றார் அம்மா. "இப்ப என்ன பருவம்?" "தடைக்காலம்."

காசிமேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் மீன் விற்றவர் என் அம்மா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாள் அவருக்கு ஒரு பருவம்தான். இரண்டு பதிலும் சரி, ஆனால் இரண்டுக்கும் மார்க் விழவில்லை. பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்து 30க்கு 13 என்று எழுதி, மறதி நோய் முற்றிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா பள்ளிக்கூடம் போனவரா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அப்படிப் போய் நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஞாபகத்தைச் சோதிக்கிற அந்தக் கேள்வித் தாள்களைப் பற்றி. அதிகம் புழங்குவது எம்.எம்.எஸ்.இ., 1975ல் அமெரிக்காவில் வந்தது. மொத்தம் 30 மார்க்: நாளும் இடமும் தெரிகிறதா என்பதற்கு 10, மூன்று வார்த்தைகளைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல 3, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க 5, அந்த மூன்று வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் கழித்து நினைவுபடுத்த 3, பேச்சு, படிப்பு, எழுத்துக்கு 8, ஒன்றன் மேல் ஒன்று விழுந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. பொதுவாக 24க்குக் கீழே வந்தால் சந்தேகம். 2005ல் கனடாவிலிருந்து வந்த மோக்கா இன்னும் கொஞ்சம் கடினம், தொடக்க நிலை மறதியைப் பிடிப்பதில் கெட்டி. அதிலும் 30 மார்க், 26 வந்தால் சரி, பன்னிரண்டு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மார்க் கூட்டிக் கொடுப்பார்கள். நேரம் இருக்கிற இடங்களில் ஏ.சி.இ.-3 என்று 100 மார்க்குக்கு விரிவாகவும் பார்ப்பார்கள்.

இவற்றில் பாதி, பள்ளிக்கூடம் போனவர்களுக்கு என்று வைத்தது. மோக்காவில் ஒரு கடிகாரம் வரைந்து முள்ளைப் பதினொன்று பத்துக்கு வைக்கச் சொல்வார்கள். ராயபுரம் மணிக்கூண்டைப் பார்த்து நேரம் சொல்லத் தெரிந்தவர்தான் அம்மா, ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்ததும் மீன் வெட்டுகிற கத்தியைப் பிடிப்பதுபோல முழுக் கையாலும் பிடித்தார். வட்டம் ஒரு பக்கம் நசுங்கி, சேராமலே நின்றது. மூளை தேய்ந்தாலும் வட்டம் அப்படித்தான் வரும், வாழ்நாளில் பென்சிலே பிடிக்காத கைக்கும் அப்படித்தான் வரும். தாளை மட்டும் பார்க்கிறவருக்கு எது எதனால் என்று தெரியாது, கூட வந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் உள்ளே போனதும் முதல் வேலை: எத்தனை வருஷம் படித்தவர், என்ன தொழில் பார்த்தவர், வீட்டில் என்ன மொழி என்று சொல்லிவிடுங்கள். நம் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ உருதோ பேசுகிற குடும்பங்கள் நிறைய. பெரியவருக்கு வாய்க்கு எந்த மொழி வருமோ அதில் கேட்கச் சொல்லுங்கள். படிக்காதவர் என்றால் அவர்களுக்கான தாள் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமத்து ஜனங்களுக்காக 1990களில் எம்.எம்.எஸ்.இ.யை மாற்றி எச்.எம்.எஸ்.இ. என்று ஒன்று செய்தார்கள். அதில் நூறிலிருந்து ஏழு போய், இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்தால் போதும். எழுதிக் காட்டு என்பதற்குப் பதில் உன் வீட்டைப் பற்றிச் சொல்லு, கண்ணை மூடு என்று படிக்க வைப்பதற்குப் பதில் நான் செய்வதைப் பார்த்துச் செய். மோக்காவிலும் குறைவாகப் படித்தவர்களுக்குத் தனி வடிவம் உண்டு.

இனி உங்கள் பங்கு. போவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டுவிடுங்கள். மார்க்கைவிட அந்த நோட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். "ரொம்ப மறக்குறாங்க" என்று எழுதினால் டாக்டருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். என் நோட்டில் முதல் பக்கம் இது: "கால் கிலோ நெத்திலிக்கு 500 ரூபாய் நோட்டு கொடுத்தாங்க, மீதி எவ்வளவுன்னு பக்கத்துக் கடை அக்காவைக் கேட்டாங்க." ஏலத்தில் நாலு கூடையின் கணக்கை வாயாலேயே போட்டவர் அவர். நூறிலிருந்து ஏழைக் கழிக்க முடியாததைவிட இது எவ்வளவோ பெரிய செய்தி. எப்போது ஆரம்பித்தது, கொஞ்சம் கொஞ்சமாகவா திடீரென்றா, முதலில் விட்டுப்போனது எது (வழியா, பணக் கணக்கா, பேர்களா, சமையல் பக்குவமா), அடுப்பை அணைக்காமல் விட்டது எத்தனை முறை, குளிக்க, புடவை கட்டிக்கொள்ள யாராவது சொல்ல வேண்டியிருக்கிறதா, இதெல்லாம் வேண்டும்.

வீட்டு ஆட்களைக் கேட்பதற்கென்றே ஐ.க்யூ.கோட் என்று ஒரு தாள் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இப்போது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு 1 முதல் 5 வரை போடுவார்கள், 3 என்றால் மாற்றமில்லை, 5 என்றால் ரொம்ப மோசம். படிப்பு இருக்கிறதோ இல்லையோ, இங்கே ஒருவரை அவரோடேயே ஒப்பிடுகிறார்கள், அதனால் எனக்கு இது பிடிக்கும். சென்னையையும் ஒரு களமாக வைத்து நடந்த 10/66 என்ற பன்னாட்டு ஆய்விலும் பெரியவரைத் தனியாக, கூட இருப்பவரைத் தனியாகக் கேட்டு, இரண்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள்.

டெஸ்டு நாளில் மூக்குக் கண்ணாடி, காது மெஷின், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையும் ஒரு பையில். காது அடைத்திருந்தால் முன்பே காட்டிச் சுத்தம் பண்ணிவிடுங்கள், மூன்று வார்த்தை காதில் விழாதவர் அதை எப்படி ஞாபகம் வைப்பார்? சளி, அலர்ஜி மாத்திரைகளில் சிலதும் தூக்க மாத்திரையும் வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் குழப்பும், கடையில் நீங்களாக வாங்கிக் கொடுப்பதையும் மறைக்காமல் காட்டுங்கள். காலையில் சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சொல்லிக் கொடுப்பது. என் அக்கா முதல் நாள் ராத்திரி உட்கார வைத்துத் தேதியும் கிழமையும் மனப்பாடம் பண்ண வைத்தாள். பாசத்தில்தான் செய்தாள், ஆனால் அதனால் உண்மையான நிலை மறைந்துபோகும். அதேபோல டெஸ்டு நடக்கும்போது பின்னால் தள்ளி உட்காருங்கள், அம்மா திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தாலும் வாயைத் திறக்காதீர்கள். அது கஷ்டம், எனக்குத் தெரியும்.

ஒருவேளை இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம், ஆள் தெரியாமல் பேசுவது, ஒரு நேரம் தெளிவு ஒரு நேரம் மயக்கம் என்றால் ஞாபக டெஸ்டுக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, தலையில் அடி என்று எதுவாகவும் இருக்கலாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மார்க் வந்த பிறகு அதோடு நிறுத்திக்கொள்ள விடாதீர்கள். மார்க் குறைந்தால் அது நோய் என்று அர்த்தமில்லை. முன்பு இருந்ததைவிடச் சரிந்திருக்க வேண்டும், அந்தச் சரிவு அன்றாட வேலையைத் தானே செய்துகொள்ள முடியாதபடி ஆக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்பார்கள். மனச்சோர்வும் மறதி மாதிரியே காட்டும். அதற்கு ஜி.டி.எஸ். என்று ஆமாம், இல்லை பதிலோடு 15 கேள்வி இருக்கிறது, அதுவும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரத்தத்தில் பி12, தைராய்டு, சர்க்கரை, உப்பு பார்க்க வேண்டும், தலைக்கு ஸ்கேன் தேவைப்படும். நோய் உறுதியானால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை சி.டி.ஆர். அளவில் சொல்வார்கள்: 0 என்றால் இல்லை, 0.5 சந்தேகம், 1 லேசு, 2 நடுத்தரம், 3 கடுமை.

நாங்கள் இரண்டாவதாகப் போன இடத்தில் அம்மாவிடம் அரை மணி நேரம், என்னிடம் ஒரு மணி நேரம் கேட்டார்கள். வைகாசிக்கு மார்க் கொடுத்தார்கள். பி12 ரொம்பக் குறைவாக இருந்தது, ஊசி போட்டு ஆறு மாசம் கழித்து மறுபடி அதே தாளில் பார்த்தார்கள், கொஞ்சம் ஏறியது, ஆனால் பணக் கணக்கு திரும்பவில்லை. மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர், சி.டி.ஆர். 1 என்றார்கள். வலித்தது, ஆனால் "முற்றிவிட்டது" என்று கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் மாதிரி இல்லை, என்ன செய்யலாம் என்று இப்போது தெரிகிறது.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு, எதில் ஆரம்பித்தாலும் இன்னொன்றுக்கு அனுப்புவார்கள். ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நின்றுவிடுங்கள், முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் வரிசையில் நிற்க ஒருவர் பெரியவரோடு உட்கார. திரும்பும்போது மார்க் போட்ட தாளைப் போனில் போட்டோவாவது எடுத்து வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.