மன்னிப்பு: கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்களின், அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர்களின் மண் செட்டிநாடு. பற்று, வரவு, வட்டி, பைசல் எல்லாம் இங்கே வீட்டுப் பேச்சு. அதனால் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" (மத்தேயு 6:12) என்ற ஜெபம் இங்குள்ள கிறிஸ்தவர்களுக்குச் சட்டென்று பிடிபட வேண்டும். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். மன்னிப்பைக் கணக்காகப் பார்க்காமல் மனநிலையாக மட்டும் பார்ப்பதால்தான் பல தவறுகள் வருகின்றன.

தொகையை எழுதாமலே தள்ளுபடி செய்வது முதல் தவறு. "பரவாயில்லை, போகட்டும், ஒண்ணுமில்லை" என்கிறோம். ஒன்றுமில்லை என்றால் மன்னிக்கவும் ஒன்றுமில்லை. மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் உவமையில் ராஜா முதலில் தன் வேலைக்காரர்களிடம் கணக்குப் பார்க்கிறான், பிறகுதான் கடனை விடுகிறான். ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன செய்தார், எப்போது, நான் இழந்தது எது. "அண்ணன் என்னை மதிக்கவில்லை" என்று எழுதினால் போதாது. "அப்பாவை அடக்கம் செய்த வாரமே, என்னைக் கேட்காமல் பூர்வீக வீட்டில் என் பங்கு அறையைப் பூட்டினார்" என்று எழுத வேண்டும். அந்தத் தாள் கடவுள் முன் வைப்பதற்கு. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு அல்ல. ஜெபித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள்.

இதைவிட ஆழமான தவறு, தன் கடனைப் பார்க்காமல் அடுத்தவர் கடனில் தொடங்குவது. அதே உவமையில் முதல் வேலைக்காரன் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தாலும் 3,000 கோடி ரூபாய். உடன்வேலைக்காரன் அவனுக்குத் தரவேண்டியது 100 தெனாரியம், அதாவது 50,000 ரூபாய். பிரசங்கங்களில் இந்த 100-ஐ அற்பத் தொகை என்று சொல்லிவிடுகிறார்கள், அது சரியில்லை. கூலிக் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் மூன்று மாதச் சோறு. உங்கள் காயம் அற்பமென்று இயேசு சொல்லவில்லை. 3,000 கோடி விடப்பட்டவன், 50,000-க்காக ஒருவனைத் தொண்டையைப் பிடித்து நெரிக்கலாமா என்றுதான் கேட்கிறார்.

அந்த முதல் வேலைக்காரன் ராஜாவிடம் என்ன கேட்டான் என்று பாருங்கள்: "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." கேட்டது தவணை, கிடைத்தது தள்ளுபடி. தவணை கிடைத்ததாகவே நினைக்கிறவன் வெளியே வந்ததும் வசூலுக்குத்தான் போவான். நம்மில் பலரும் இரக்கத்தை அப்படித்தான் வாங்கி வைத்திருக்கிறோம். கொலோசெயர் 2:14-இல் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டதாகச் சொல்லும் "கையெழுத்து", கிரேக்கத்தில் கடன்பட்டவன் தன் கையால் எழுதிக்கொடுத்த பத்திரம், நம்மூர் புரோநோட்டு. மன்னிக்க முடியாமல் திணறினால் ஒரு வாரம் எதிராளியின் கணக்கை மூடி வையுங்கள். தினம் பத்து நிமிடம் உங்கள் சொந்தக் கணக்கை, ஆட்களின் பெயரோடு எழுதிப் பாருங்கள்.

ஆனால் அடி வாங்கிய பெண்ணிடம் போய் "உன் பாவத்தையும் நினைச்சுப் பாரம்மா, மன்னிச்சு வீட்டுக்குப் போ" என்று சொல்லாதீர்கள். சபைப் பெரியவர்கள் செய்யும் மிகக் கொடிய தவறு இது. மன்னிப்பது வேறு, மறுபடி நம்புவது வேறு. தனக்குத் தீமை செய்த கன்னான் அலெக்சந்தருக்குக் கர்த்தரே பதிலளிப்பார் என்று விட்டுவிட்ட பவுல், அடுத்த வரியிலேயே "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்று தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். சமாதானமும் "கூடுமானால், உங்களாலானமட்டும்" (ரோமர் 12:18) என்ற எல்லைக்குள்தான். அவள் முதலில் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். மன்னிப்பைக் காட்டி அதை மறைப்பது குற்றம்.

கேட்காதவரிடம் போய் "உன்னை மன்னிச்சிட்டேன்" என்று அறிவிப்பதும் வேண்டாம். அது புதுச் சண்டைக்குத்தான் வழி. மாற்கு 11:25 சொல்கிறபடி ஜெபத்தில் நிற்கும்போதே மன்னிக்கலாம். குற்றத்தை எடுத்துச் சொல்ல வேண்டுமானால் தனியாக (மத்தேயு 18:15) சொல்லுங்கள். கல்யாண வீட்டுப் பந்தியிலோ துக்க வீட்டிலோ அல்ல. சில மாதம் கழித்து அதே கசப்பு திரும்ப வந்தால் முதல் மன்னிப்பு பொய்யென்று முடிவுகட்டாதீர்கள். ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் (மத்தேயு 18:22) என்பதில் ஒரே குற்றத்தைத் திரும்பத் திரும்ப விடுவதும் சேரும் என்றே கொள்கிறோம்.

கடைசியாக, நாமே கடனாளியாக இருக்கும் இடம். 1693-இல் அருளானந்தர் (மறைசாட்சி ஜான் டி பிரிட்டோ) கொல்லப்பட்ட ஓரியூர் தேவகோட்டைப் பக்கத்து மக்களுக்குத் தூரமில்லை. போய்க் காணிக்கை செலுத்திவிட்டால் மனபாரம் தீரும் என்று நினைப்பவர்கள் உண்டு. மத்தேயு 5:23-24 காணிக்கையைப் பீடத்தின் முன்பே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறது. போனால் "உனக்கு வருத்தமா இருந்தா மன்னிச்சுக்க" என்று இழுக்காமல், "தம்பி, நான் இன்னது செஞ்சேன், அது தப்பு" என்று சொல்லுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்னான் (லூக்கா 19:8). தம்பிக்குப் பங்குப் பணம் பாக்கி இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.