எந்தத் திரில்லருக்கு முதல் நாளே டிக்கெட் எடுக்கலாம்?

கொலைகாரன் யார் என்பதைக் கடைசியில் சொல்லும் படமா, முதல் நாளே தியேட்டரில் பார்த்துவிடுங்கள். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று முன்கூட்டியே காட்டிவிடும் படமா, ஓடிடிக்கு வரும்வரை தாராளமாகக் காத்திருக்கலாம்; டிக்கெட் காசு மிச்சம்.

முதல் வகையின் உயிர் ஒரே ரகசியத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டு உடைத்தால் பாதிச் சுவை போய்விடும். இரண்டாவது வகைக்கு அந்தப் பயம் இல்லை. திரில்லர் படங்களுக்குப் பேர்போன ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன உதாரணம் இது: மேஜைக்கு அடியிலிருக்கும் குண்டு திடீரென வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. குண்டை முன்பே நமக்குக் காட்டிவிட்டு, அது தெரியாமல் இருவர் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் 15 நிமிடப் பதற்றம். விஷயம் தெரிந்திருப்பதுதான் நம்மை நகம் கடிக்க வைக்கிறது. இவ்வகைப் படங்களை மூன்றாம் முறையும் பார்க்க முடிவது அதனால்தான்.

வகையைக் கண்டுபிடிக்க டிரெய்லர் பார்க்காதீர்கள். வில்லன் முகம் போஸ்டரிலேயே இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை.

பாதியில் தடம் மாறும் படங்களுக்கு இது பொருந்தாது. 1960-இல் தன் ‘சைக்கோ’ படம் வெளியானபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கறாராக இருந்தார். அப்படிப்பட்ட படத்துக்கு எதையும் படிக்காமல், நேரத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுங்கள்.