நூறு ரூபாய் மாத்திரையும் நூறு ரூபாய் ஊசியும்: மருத்துவச் செய்தியில் நாம் தவறும் இடங்கள்

2024 பிப்ரவரி கடைசியில் மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்டு என்று மும்பையில் தமிழர் இருக்கும் இடமெல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கும் மாத்திரையை மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை கண்டுபிடித்துவிட்டது, விலை வெறும் நூறு ரூபாய், பத்து வருட உழைப்பு, ஜூன் ஜூலையில் வந்துவிடும். வைத்தியத்துக்காக ஊரிலிருந்து வந்து பரேலில் தங்கியிருக்கும் குடும்பங்கள் இதை எப்படிப் படித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அங்கே ஒரு மருந்துக் கடையில் விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர் போனை கவுன்டர் மேல் திருப்பி வைத்து, "பையா, யே கோலி ஹை?" (அண்ணா, இந்த மாத்திரை இருக்கா?) என்று கேட்டார். கடைக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அபி நஹி ஆயா." அவர் என் பக்கம் திரும்பி, "இன்னும் வரலையாம் தம்பி. அடுத்த மாசம் வந்துருமா?" என்றார்.

புற்றுநோயைத் தடுக்கும் மருந்தாக அது அடுத்த மாசம் வராது என்பது அந்தச் செய்தியின் உள்ளேயே இருந்தது. மருத்துவ ஆராய்ச்சிச் செய்திகளில் அப்பட்டமான பொய் குறைவுதான். யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டார்கள் என்கிற பகுதி மட்டும் கைமாறும் வழியில் உதிர்ந்துவிடும். மிச்சம் இருப்பதைப் படித்துவிட்டு, இது நமக்கான செய்தி என்று எடுத்துக்கொள்கிறோம்.

எலி வரி உதிர்ந்த கதை

அந்த மாத்திரையில் இருப்பவை இரண்டு: கறுப்புத் திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால், அப்புறம் செம்பு. டாடா மெமோரியல் ஆய்வாளர்கள் சொல்லும் கருத்து இது: கீமோவிலும் கதிர்வீச்சிலும் புற்றுநோய் செல்கள் சாகும்போது அவற்றின் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதமும் பின்னியிருக்கும் பொருள்) துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன; நல்ல செல்களுக்குள் அவை புகுந்து அவற்றையும் கெடுக்கலாம். ரெஸ்வெரட்ராலும் செம்பும் சேரும்போது உண்டாகும், எதோடும் சட்டென்று வினைபுரியும் ஆக்சிஜன் ரேடிக்கல்கள் இந்தத் துணுக்குகளை அழித்துவிடும். மனிதப் புற்றுநோய் செல்களை எலிகளுக்குள் செலுத்தி, கட்டி வளரவிட்டு, சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள்.

பக்க விளைவு குறைகிறதா என்பதை எலிகளோடு மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நோய் திரும்ப வருவதைத் தடுக்கிறதா என்ற சோதனை அப்போது எலிகளில் மட்டுமே நடந்திருந்தது. மனிதர்களில் அதை முடிக்கச் சுமார் ஐந்து வருடம் ஆகும் என்று செய்தியிலேயே சொல்லியிருந்தார்கள். ஃபார்வர்டில் அந்த வரி இல்லை. ஆய்வு நேர்மையானதுதான். ஆனாலும் மனிதச் சோதனை முடிவதற்கு முன்பே விலை வரைக்கும் ஊடகத்தில் பேசியிருக்க வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சோதனைக்கூட எலிகள் பெரும்பாலும் ஒரே மரபணு வார்ப்பில் பிறந்தவை. வயது ஒன்று, தீனி ஒன்று, கட்டி உண்டான தேதிகூட ஒன்று. அறுபது வயதில் சர்க்கரையும் பிரஷரும் வைத்துக்கொண்டு, பல வருடமாக உள்ளே வளர்ந்த கட்டியோடு வருகிற மனிதரின் உடம்பு அப்படி இல்லை. எலியில் பலித்த புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவை மனிதரிடம் வந்ததும் தோற்றுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதோடு சேர்ந்து இன்னொரு தவறும் நடந்தது. "திராட்சையும் செம்புக் குடத்துத் தண்ணியும்தானே, நம்ம பாட்டிக்கே தெரியும்" என்று ஒரு மாமி எங்கள் குழுவில் எழுத, பத்து கைகூப்பல்கள் விழுந்தன. குறிப்பிட்ட அளவிலும் விகிதத்திலும் கொடுத்தால்தான் அது அந்த ஆய்வில் இருக்கும் பொருள். குடத்துத் தண்ணீரில் எவ்வளவு செம்பு இறங்குகிறது என்று யார் அளந்தார்கள்? குடிக்கட்டும், தப்பில்லை. செக்கப்பைத் தள்ளிப்போடாத வரைக்கும்.

அப்புறம் அந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விஷயம். மாத்திரைக்கு அதன் அனுமதியை எதிர்பார்ப்பதாகச் சொன்னதும், அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று பலர் புரிந்துகொண்டார்கள். அது உணவுப் பாதுகாப்பு ஆணையம். பிஸ்கட் பாக்கெட்டிலும் அதன் எண் இருக்கும். ஒரு பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று பார்த்து அனுமதி கொடுக்கும் இடம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. சத்துப் பொடி, புரதப் பொடி டப்பாக்களிலும் இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பழகுங்கள்.

யாரும் ஃபார்வர்டு செய்யாத ஊசி

இதே டாடா மெமோரியலில் இருந்து, நூறு ரூபாய்கூட ஆகாத இன்னொரு கண்டுபிடிப்பும் வந்தது. அது எந்தக் குழுவிலும் சுற்றி நான் பார்க்கவில்லை. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுவார்களே, லிக்னோகைன், அந்த ஊசிதான். ஆரம்பக்கட்ட மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யப்போகும் பெண்களில் பாதிப் பேருக்கு, கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு, கட்டியைச் சுற்றி இதைப் போட்டார்கள். மறுபாதிக்குப் போடவில்லை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இந்தியாவில் பல மருத்துவமனைகளில் 1,583 பெண்கள் கணக்கில் வந்தார்கள். முடிவு 2023இல் வெளியானது.

ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், ஊசி போடாதவர்களில் 82.6 சதவீதம், போட்டவர்களில் 86.6 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் 86.4க்கு எதிராக 90.1 சதவீதம். எலி இல்லை, மனிதர்கள். சும்மா கவனித்துப் பார்த்தது இல்லை, குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டது. இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதற்குக் கை தட்டியிருக்க வேண்டும் என்பது தெரியும். "எல்லாம் கார்ப்பரேட் பிசினஸ், ஆராய்ச்சியையே நம்பாதே" என்கிறவர்களுக்கும் இதைத்தான் காட்டுவேன். இந்த ஊசியால் எந்த கம்பெனிக்கும் பெரிய லாபம் கிடையாது.

இங்கேயும் தவறாகப் படிக்க வழி இருக்கிறது. ஏற்கெனவே அறுவை முடிந்தவருக்கு இந்த ஊசியால் பயன் உண்டு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவைக்குப் போகிறவர்களும் அதில் இல்லை. அறுவைத் தேதி இன்னும் வராதவர் என்றால் சர்ஜனிடம் கேட்கலாம். அவ்வளவுதான்.

சதவீதம் எதன் சதவீதம்?

அந்த ஊசியின் பலனை இரண்டு விதமாகச் சொல்லலாம். நோய் திரும்புவதோ இறப்பதோ நேரும் அபாயம் 26 சதவீதம் குறைந்தது என்பது ஒன்று. நூறு பேருக்குப் போட்டால் ஐந்து வருடத்தில் கூடுதலாக நான்கு பேர் தப்பிப்பார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் சரி. ஆனால் 26 என்று படிப்பவர் நூறில் 26 பேர் பிழைப்பார்கள் என்றே நினைத்துக்கொள்வார். முதலாவது இருந்த அபாயத்தில் எத்தனை பங்கு போனது என்று காட்டுகிறது. இரண்டாவது மொத்தப் பேரில் எத்தனை பேர் என்று காட்டுகிறது. தலைப்பு எழுதுகிறவர் எப்போதும் பெரிய எண்ணையே எடுப்பார்.

எடை குறைக்கும் செமாகுளூட்டைட் ஊசி இதய நோயை 20 சதவீதம் குறைக்கிறது என்று 2023இல் வந்த செய்தியும் இந்த ரகம். 17,604 பேரிடம் நடந்த அந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை மருந்து இல்லாத வெற்று ஊசி போட்ட தரப்பில் 8 சதவீதம் பேருக்கு வந்தன; மருந்து ஊசி போட்டவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் ஒன்றரை. அதுவும் நல்ல பலன்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள், அதிக எடை உள்ளவர்கள், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள். தங்கை கல்யாணத்துக்குள் ஐந்து கிலோ குறைய வேண்டும் என்று கேட்கும் முப்பது வயதுக்காரருக்கு அந்த எண்ணில் இடமே இல்லை.

ஒரே பரிசோதனை, மூன்று ஊர்

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வினிகர். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998இல் தொடங்கி சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு அது. பத்தாவது வரை படித்த பெண்களுக்கு நான்கு வாரப் பயிற்சி கொடுத்து, வினிகரை, அதாவது நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, கருப்பை வாயில் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். மாறிப்போன செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இப்படிப் பார்த்ததில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 31 சதவீதம் குறைந்தது. 2013இல் இது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

வினிகர் இங்கே மருந்து இல்லை, நோயைக் கண்ணுக்குக் காட்டித் தரும் பொருள், அவ்வளவே. இதைப் படித்துவிட்டு ஆப்பிள் சிடர் வினிகர் குடிக்கக் கிளம்புவதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதைவிட நுணுக்கமான தவறு, ஒரே ஆய்வோடு முடிவுக்கு வருவது. மும்பை முடிவு வருவதற்கு முன்பே நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் இதே பரிசோதனையைச் செய்து முடித்திருந்தார்கள். 2007இல் வந்த முடிவின்படி, ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2009இல், இதே மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்து முடிவு வந்தது. அங்கே ஒரு முறை வினிகர் பரிசோதனை செய்ததில் மரணம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பரிசோதனை செய்த பெண்களிடம் மரணம் ஏறக்குறைய பாதியானது.

இதில் எது பொய்? எதுவும் இல்லை. திண்டுக்கல்லில் பயிற்சி பெற்ற நர்சுகள் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். மும்பையில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இந்தப் பரிசோதனையில் பார்க்கிற கண் யாருடையது, எத்தனை முறை, பார்த்த பிறகு சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் பலன். இன்னொன்று, மும்பை ஆய்வில் ஒப்பிட்டது பரிசோதனையே செய்யாத பெண்களோடு. அதனால் கருப்பை வாய்ச் செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பேப் ஸ்மியரைவிட வினிகர் மேல் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வசதி உள்ளவர்கள் எச்.பி.வி. பரிசோதனையைக் கேட்டு வாங்குவதுதான் நல்லது; உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் முதலில் வைக்கிறது.

"வேலை செய்தது" வேறு, "குணமானது" வேறு

ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சை (நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களையே எடுத்து, மாற்றி, திரும்பச் செலுத்துவது) 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. 2025இல் வந்த ஆய்வு முடிவில் சுமார் 73 சதவீதம் பேரிடம் அது வேலை செய்தது என்று இருந்தது. நம் ஆட்கள் இதை 73 சதவீதம் பேர் குணமானார்கள் என்று படித்தார்கள். வேலை செய்தது என்றால், சிகிச்சைக்குப் பிறகு பார்த்தபோது நோய் சுருங்கியிருந்தது அல்லது தென்படவில்லை என்று பொருள். சிலருக்கு அது நீடிக்கும், சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும். மேலும் அது மற்ற மருந்துகள் பலிக்காமல் போன பி-செல் (ஒரு வகை வெள்ளை அணு) ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும். வயிற்றுப் புற்றுநோய் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஐ.ஐ.டி. இருக்கும் பவாய்க்குப் போவதில் பயன் இல்லை.

சரிபார்க்கப்படாத வரைவுக் கட்டுரைகளும் ஒரு பொறி. 2020 ஜனவரி 31இல் டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, கொரோனா வைரசில் எச்.ஐ.வி.யை ஒத்த துண்டுகள் இருப்பதாக ஒரு வரைவை இணையத்தில் போட்டது. அந்தச் சின்னத் துண்டுகள் எத்தனையோ உயிரிகளிலும் இருப்பவை என்று மற்றவர்கள் காட்டியதும் ஓரிரு நாளில் எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். வதந்தி மட்டும் திரும்பப் போகவில்லை.

இதையெல்லாம் நீங்களே ஓரளவு பார்க்க முடியும். இந்தியாவில் நடக்கும் டிரையல்களை, அதாவது மனிதர்களிடம் செய்யும் மருத்துவச் சோதனைகளை, சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் 2009 ஜூன் முதல் கட்டாயம் பதிய வேண்டும். இலவசமாகத் திறக்கும் தளம். மருந்தின் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த நோய், எந்தக் கட்டம், எத்தனை பேர், எதோடு ஒப்பீடு, இப்போது ஆள் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் வரும். பதிவு எண் இருப்பதையே அரசு அங்கீகாரம் மாதிரி விளம்பரத்தில் போடும் வழக்கம் இருக்கிறது, அதில் விழாதீர்கள். டிரையல் நடக்கிறது என்பதைத்தான் எண் சொல்லும், ஜெயித்ததா தோற்றதா என்பதை இல்லை.

தேடிப் பார்த்து உங்கள் வீட்டு நோயாளிக்குப் பொருந்தும்போல இருந்தால், இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்தாமல், அந்தப் பக்கத்தை அச்செடுத்து வெளிநோயாளர் பிரிவுக்கு (ஓ.பி.டி.) கொண்டுபோங்கள். கூட்டத்தில் டாக்டருக்கு நேரம் இருக்காது, "இந்த டிரையலில் அம்மா சேர முடியுமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்கும். சேர்த்துக்கொண்டால் ஆய்வுக்கான மருந்துக்கும் பரிசோதனைக்கும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல். டிரையலில் இடம் பிடித்துத் தருகிறேன், இத்தனை ஆயிரம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.