நெருங்கியவரோடு உள்ள உறவைப் படமெடுப்பது எப்படி? முதல்முறை முயல்கிறவர்களுக்கு

உங்கள் போன் கேலரியைத் திறந்து, மனதுக்கு நெருக்கமான ஒருவரின் படங்களை மட்டும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு விசேஷ நாளாக இருக்கும். நல்ல உடை, வரிசையாக நின்று எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் பார்க்க எப்படி இருப்பார் என்பது அந்தப் படங்களில் தெரியும். நீங்கள் இருவரும் எப்படிப் பழகுவீர்கள், எதற்குச் சண்டை போடுவீர்கள், யார் முதலில் சமாதானத்துக்கு இறங்கி வருவார் என்பதெல்லாம் தெரியாது. அதைப் படமாக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அப்பா, தோழி, மனைவி, கணவர், தங்கை, யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான். போன் கேமராவே போதும்.

படி 1: முதலில் கேளுங்கள்

"உன்னைக் கொஞ்ச நாளைக்குப் படமெடுத்துக்கொண்டே இருக்கப் போகிறேன், பரவாயில்லையா?" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். எந்த நேரத்தில் எடுக்கக் கூடாது, யாருக்கெல்லாம் காட்டலாம் என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது. அழிக்கச் சொன்னால் அழித்துவிட வேண்டும், பேரம் பேசக் கூடாது. இன்றைக்குச் சரி என்றவர் அடுத்த மாதம் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்கும் உரிமை உண்டு.

ஜப்பானியப் புகைப்படக்காரர் மசாஹிசா ஃபுகாசே, 1970-களில், காலையில் வேலைக்குக் கிளம்பும் மனைவி யோகோவை வீட்டு ஜன்னலிலிருந்து தொடர்ந்து படமெடுத்தார். ஒரு நாள் யோகோ மேலே பார்த்துச் சிரிக்கிறார், இன்னொரு நாள் நாக்கை நீட்டுகிறார். துள்ளலான படங்கள். ஆனால் கணவர் தன்னை லென்ஸ் வழியாக மட்டுமே பார்க்கிறார் என்ற குறை யோகோவுக்கு இருந்தது. 1976-ல் இருவரும் பிரிந்துவிட்டார்கள். கேமராவைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: அடிக்கடி நடக்கும் ஒரு சின்ன விஷயத்தைப் பிடியுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். உறவு முழுவதையும் எடுக்கப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் இருவருக்கும் இடையே திரும்பத் திரும்ப நடக்கும் ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டியானா டைக்மேன், பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம், வாசலில் நின்று கையசைக்கும் அவர்களைப் படமெடுத்தார். 1991-ல் தொடங்கி 2017 வரை எடுத்தார். நடுவில் 2009-ல் தந்தை இறந்துவிட, அதன் பிறகு அம்மா தனியாகக் கையசைக்கிறார். கடைசிப் படத்தில் வாசலில் யாருமில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய படங்கள்தான். வரிசையாகப் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர் நிக்கோலஸ் நிக்சன் செய்தது இன்னும் எளிது. 1975-லிருந்து தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து, ஆண்டுக்கு ஒரு படம் வீதம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தார்.

உங்களுக்கு என்ன கிடைக்கும்? அப்பா எதையாவது படிக்க உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார் என்று வைத்துக்கொள்வோம். முதல்முறை தள்ளி நின்று, அறை முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். அடுத்த முறை நெருங்கிப் போய் விரல்களையும் சட்டை நுனியையும் மட்டும். இன்னொரு நாள், துடைத்த கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்குவாரே, அந்த நொடி. அப்புறம் என்றைக்காவது, "இன்னும் மங்கலாத்தான் இருக்கு, நீ துடைச்சுக் குடு" என்று உங்களிடம் நீட்டுவார். நீட்டிய அந்தக் கை உங்கள் பக்கம் வரும்போது அமுக்குங்கள். அதுவரை எடுத்ததெல்லாம் அப்பாவின் படங்கள். இதில்தான் நீங்களும் வருகிறீர்கள்.

படி 3: வெளிச்சமும் கேமராவும்

பிளாஷ் வேண்டாம். அவர் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள். முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறுபாதி லேசான நிழலிலும் விழும். பகலில் அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு வெளிச்சமும் கலந்து தோலின் நிறம் கெடும். போனின் வழக்கமான லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். இரண்டு அடி பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுத்தால் சரியாகிவிடும். முகத்தை மெழுகிவிடும் அழகு ஃபில்டரைத் தயவுசெய்து அணைத்து வையுங்கள். நாம் தேடுவதே அந்தச் சுருக்கங்களையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருமையையும்தான்.

தனிக் கேமரா இருந்தால் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் போதும். ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், 1/125 நொடியைவிட மெதுவாகப் போகாமல் பார்த்துக்கொண்டால் கையசைவில் படம் பெரும்பாலும் கலங்காது. அதற்காக ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறனின் அளவு) 3200 வரை ஏறினாலும் கவலை வேண்டாம். கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

படி 4: முகத்தை விட்டுக் கொஞ்சம் விலகுங்கள்

ஒரே இடத்தில் கழற்றிப் போட்ட இரண்டு ஜோடிச் செருப்பு, அவர் எழுந்துபோன பிறகும் குழிந்திருக்கும் தலையணை, உங்களுக்கென்று எழுதி ஒட்டிவைத்த துண்டுச் சீட்டு. இவையும் உறவின் படங்களே. இருவர் உட்கார்ந்திருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். சண்டை நாளில் அது ஒரு முழம் கூடியிருக்கும்.

படி 5: நீங்களும் படத்தில் வாருங்கள்

கண்ணாடியில் தெரியும் உங்கள் பிம்பம், தரையில் விழும் உங்கள் நிழல், ஓரத்தில் நீளும் உங்கள் கை, எதுவானாலும் சரி. போனை அலமாரியில் சாய்த்து 10 நொடி டைமர் வைத்துவிட்டு, கேமராவை மறந்து பேசத் தொடங்குங்கள். இதையெல்லாம்விட நல்ல வழி, போனை அவரிடமே கொடுத்துவிடுவது. அவர் எடுக்கும் படம் கோணலாக இருக்கும், பாதித் தலை வெட்டுப்பட்டிருக்கும். இருக்கட்டும், அழிக்காதீர்கள். அவர் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பது வேறு எந்தப் படத்திலும் கிடைக்காது.

அழுகை, நோய், கடும் வாக்குவாதம் என்று வரும்போது கேமராவைக் கீழே வையுங்கள். "நல்ல படம் போய்விடுமே" என்று தோன்றும், போகட்டும். எல்லாம் அடங்கிய பிறகு, அவர் சம்மதித்தால், அந்த அறையை, மடிக்காமல் கிடக்கும் போர்வையை எடுக்கலாம்.

படி 6: குறித்து வைத்துச் சேமியுங்கள்

படத்தோடு தேதியும் ஒரு வரிக் குறிப்பும் இருக்கட்டும். "மழை, பேச்சுவார்த்தை இல்லை" என்பது போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். அதனால் மூலக் கோப்பை அப்படியே போனைத் தவிர இன்னும் இரண்டு இடங்களிலாவது வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே, கிளவுடில் இருக்கட்டும்.

படி 7: குறையுங்கள், அடுக்குங்கள், காட்டுங்கள்

சில மாதம் கழித்து உட்கார்ந்து இருபது படங்களுக்குள் கொண்டுவாருங்கள். அழகான படத்துக்கும், உங்கள் இருவரையும் பற்றி ஏதோ சொல்லும் படத்துக்கும் போட்டி வந்தால், இரண்டாவதையே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பிரிண்டுகளாக்கித் தரையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்கினால், திரையில் தெரியாத தொடர்புகள் தெரியும். 4x6 அங்குலப் பிரிண்டுக்கு 1200x1800 பிக்சல் இருந்தால் தெளிவாக வரும்.

வேறு யாருக்கும் காட்டுமுன் அவரைக் கூப்பிட்டு அந்தத் தரையிலேயே உட்காரவையுங்கள். விளக்கம் சொல்லாமல் இருங்கள். எந்தப் படத்தில் நிற்கிறார், எதைத் தாண்டிப் போகிறார், எதைக் கையில் எடுத்து "இது எப்ப எடுத்தே?" என்று கேட்கிறார் என்று கவனித்தால் வரிசையை எங்கே மாற்ற வேண்டும் என்பது புரிந்துவிடும். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியவற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆல்பத்துக்குக் கொடுங்கள். போடும்போதே இரண்டு பிரதியாகப் போட்டு, முதல் பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.