வெண்கலச் சிலைக்குப் பாட்டினா: வேலை எங்கே கெடுகிறது?

வெண்கலச் சிலைக்குப் பாட்டினா, அதாவது ரசாயனத்தால் உலோகத்தின் மேல் நிறம், ஏற்றக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் தேடுவது ரெசிபியைத்தான். எத்தனை கிராம் ஃபெரிக் நைட்ரேட், எவ்வளவு தண்ணீர், எத்தனை தடவை பூச வேண்டும் என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒரே பாட்டிலில் இருந்து எடுத்த கரைசல் ஒருவர் கையில் ஆழமான தேன் நிறத்தைத் தரும், இன்னொருவர் கையில் தொட்டால் விரலில் ஒட்டும் ஆரஞ்சுப் பொடியைத் தரும். பிரெஞ்சுச் சிற்பி ரோதான்கூடத் தன் சிலைகளுக்கு நிறம் ஏற்றும் வேலையை ழான் லிமே என்ற தனிக் கைவினைஞரிடம் கொடுத்திருந்தார். உலோகத்தின் மேற்பரப்பு, சூடு, ஒவ்வொரு பூச்சும் எவ்வளவு மெலிசு என்ற மூன்றும்தான் நிறத்தை முடிவு செய்கின்றன. கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் கெடுகின்றன.

அடிப்படை ரசாயனங்கள் என்று பார்த்தால் மூன்றே மூன்று. ஃபெரிக் நைட்ரேட் சூட்டில் சிதைந்து இரும்பு ஆக்சைடாகப் படியும். பொன் பழுப்பிலிருந்து செம்பழுப்பு வரை அதன் வேலை. குப்ரிக் நைட்ரேட் பச்சையும் நீலமும் தரும். லிவர் ஆஃப் சல்ஃபர் (பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்த பொருள்) செம்பைத் தாக்கி சல்ஃபைடாக மாற்றும். அதிலிருந்து பழுப்பும் கறுப்பும் வரும். இந்த மூன்றையும் அடுக்கடுக்காகப் பயன்படுத்தியே பெரும்பாலான நிறங்களைக் கொண்டுவந்துவிடலாம். பெயின்ட் அடியில் இருக்கும் குறையை மறைக்கும். பாட்டினா அதைப் படம் பிடித்துக் காட்டும்.

பூசும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

சிலை பளபளப்பாகத் தெரிகிறது என்பதால் அது சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. வெறும் கையால் தூக்கி வைத்த சிலையில் விரல் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் (சூடேற்றும் வாயுச் சுடர்) பிடித்து ஃபெரிக் நைட்ரேட் ஏறியதும் தோள்பட்டையில் அழகாக ஒரு கட்டைவிரல் ரேகை தெரியும். அதை அங்கேயே தேய்த்துச் சரி செய்ய முடியாது, பெரும்பாலும் அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். சோதனை எளிது: சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக வழிந்தால் சரி. எங்காவது விலகி முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. கழுவிய பிறகு கையுறையோடு மட்டுமே தொட வேண்டும்.

இரும்பு கம்பிப் பஞ்சு அடுத்த எதிரி. தேய்க்கும்போது உடைகிற நுண்ணிய இரும்புத் துகள்கள் வெண்கலத்தில் சிக்கிக்கொண்டு, சில நாளில் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். நைலான் உராய்வு அட்டை அல்லது வெண்கலக் கம்பிப் பஞ்சு போதும். மணல் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) செய்யும் இடத்திலும் இதே கதைதான். அதே மணலை முன்பு இரும்புக்குப் பயன்படுத்தியிருந்தால் துரு கூடவே வந்துவிடும். பிளாஸ்டிங் முடித்த பரப்பு மிகவும் பசியோடு இருக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தையும் அழுக்கையும் இழுத்துக்கொள்ளும். அன்றே நிறம் ஏற்றுகிற மாதிரி திட்டமிடுங்கள்.

வெல்டிங் கோடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய சிலைகளைத் துண்டு துண்டாக வார்த்து இணைப்பார்கள். இன்று பல வார்ப்பகங்கள் பயன்படுத்தும் சிலிக்கான் வெண்கலத்தில் செம்பு ஏறத்தாழ 95 சதவீதம், சிலிக்கான் 4 சதவீதம் அளவில் இருக்கும். 85-5-5-5 என்று அழைக்கப்படும் கலவையிலோ செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5 சதவீதம். இரண்டும் ஒரே கரைசலுக்கு வேறு வேறு நிறம் காட்டும். சிலை ஒரு கலவையிலும் வெல்டிங் கம்பி வேறு கலவையிலும் இருந்தால், அரத்தால் எவ்வளவு சீவி மறைத்தாலும், நிறம் ஏறியதும் இணைப்புக் கோடு எழுந்து நிற்கும். நிறம் ஏற்றுபவர் இதைச் சரி செய்ய முடியாது. வார்க்கும் இடத்திலேயே கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

வார்ப்பில் நுண்துளைகள் இருந்தால் அவற்றையும் முதலிலேயே அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் துளைக்குள் தங்கிய கரைசல் சில வாரம் கழித்து மெழுகையும் தாண்டிக் கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பூக்கும்.

சூடு

சூடான பாட்டினாவில் உலோகம் ஏறத்தாழ 95 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது வழக்கம். இதை அளக்க அகச்சிவப்பு வெப்பமானியை நம்புகிறவர்கள் ஏமாறுவார்கள். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். தண்ணீர்த் துளி அதைவிட நல்ல கருவி. ஸ்பிரே பாட்டிலில் இருந்து கொஞ்சம் தெளியுங்கள். துளி அப்படியே உட்கார்ந்து மெதுவாக உலர்ந்தால் சூடு போதாது. சட்டென்று சீறி, பட்ட இடத்திலேயே ஆவியானால் சரியான சூடு. துளி உருண்டையாகி மேற்பரப்பைத் தொடாமல் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. தன் ஆவியின் மேலேயே அது மிதக்கிறது. ரசாயனக் கரைசலும் அதேபோல மிதந்து ஓடும், உலோகத்தைத் தொடவே தொடாது.

குறைந்த சூட்டில் பூசுவது இதைவிட மோசம், ஏனென்றால் அப்போது எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தெரியும். கரைசல் வழிந்து மடிப்புகளில் தேங்கும், மெல்ல உலரும், நிறமும் வரும். ஆனால் வினை முடியாத உப்பு அப்படியே தங்கியிருக்கும். முதல் மழையில் கோடு கோடாக வழிந்து பீடத்தையும் கறையாக்கிவிடும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஈரமான வெள்ளைத் துணியால் மறைவான ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் நிறைய ஏறினால் அந்தப் பூச்சு பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் இன்னொன்று பூசுவது வீண்.

பச்சையில் அதிகச் சூடு உடனே காட்டிக்கொடுக்கும். குப்ரிக் நைட்ரேட்டில் இருந்து வந்த பச்சை உப்பைத் தொடர்ந்து சுட்டால் அது கறுப்புச் செம்பு ஆக்சைடாக மாறிவிடும். நன்றாக வந்துகொண்டிருந்த கடல் பச்சை திடீரென்று அழுக்குப் பழுப்பாகிறது என்றால் டார்ச் அதிகம் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் கரைசல் தெளித்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அந்த ஆசைக்கு இணங்காமல் டார்ச்சை விலக்கி, சூடு இறங்கும்வரை காத்திருங்கள்.

சிலை முழுவதும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விரல் நுனி, காது, துணி மடிப்பின் விளிம்பு ஆகியவை கண்மூடித் திறப்பதற்குள் கொதித்துவிடும். பீடமும் தொடையும் இன்னும் இளஞ்சூட்டில்தான் இருக்கும். ஆகவே தடிமனான பகுதியில் தொடங்குங்கள். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். விரல்களுக்குப் பெரும்பாலும் நேரடிச் சுடரே தேவைப்படாது, கையில் இருந்து ஏறும் சூடு போதும். உள்ளீடற்ற சிலை முழுவதும் மூடியிருந்தால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கக்கூடும். கீழே ஒரு துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே டார்ச்சைப் பற்றவையுங்கள்.

கனமான பூச்சும் அவசரமும்

நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை 1886-இல் திறக்கப்பட்டபோது செம்பின் பழுப்பு நிறத்தில்தான் இருந்தது. முழுப் பச்சையாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. காற்றில் இருக்கும் கந்தகம் மெல்ல மெல்ல உருவாக்கிய சல்ஃபேட் உப்பு அது. நாம் டார்ச்சைப் பிடித்து ஒரு பிற்பகலில் கொண்டுவரும் பச்சை நைட்ரேட் உப்பு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், மழையைத் தாங்குவதில் இது அதற்கு ஈடாகாது. கனமாகப் பூசினால் இன்னும் பலவீனம்: ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும். நீர்த்த கரைசலாகப் பல தடவை பூசுங்கள்.

லிவர் ஆஃப் சல்ஃபரில் இந்தப் பொறுமை இன்னும் முக்கியம். அடர்த்தியான கரைசலை ஊற்றினால் ஒரே நொடியில் கறுப்பாகிவிடும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். அந்தக் கறுப்பு அடியில் பிடிப்பில்லாமல் நின்று பிறகு உதிரும். வெளிர் மஞ்சள் நிறத்தில் நீர்த்துப் பூசி, லேசாகத் தேய்த்து, மறுபடி பூசுவதுதான் வழி. கரைசலைக் கலந்து நாள்கணக்கில் வைக்காதீர்கள். காற்றும் வெளிச்சமும் பட்டால் வீரியம் போய்விடும்.

சிறிய விஷயம், ஆனால் அடிக்கடி நடக்கிறது: இரும்பு வளையம் போட்ட பிரஷ்ஷை குப்ரிக் நைட்ரேட்டில் முக்குவது. இரும்பின் மேல் செம்பு இளஞ்சிவப்பாகப் படியும், இரும்பு கரைசலுக்குள் போகும். பச்சை ஏன் கலங்கலாக வருகிறது என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் பாத்திரம், உலோகம் இல்லாத பிரஷ், காய்ச்சி வடித்த தண்ணீர் போதும்.

சோதனைத் துண்டு இல்லாமல் நேராகச் சிலையில் இறங்காதீர்கள். கடையில் வாங்கிய பித்தளைத் தகட்டில் சோதிப்பதால் பயனில்லை. அதே வார்ப்பில் வெட்டி எறிந்த ஊற்றுக்கால் (உருகிய உலோகம் அச்சுக்குள் போகும் வழியில் உறைந்த பகுதி) துண்டுதான் சரியான சோதனைப் பொருள். சிலையின் பரப்பைப் போலவே அதையும் பிளாஸ்டிங் செய்துகொள்ளுங்கள்.

உப்பு என்ற தொல்லை

சூடு இல்லாத குளிர் பாட்டினாவுக்குச் சாதாரண உப்பும் அம்மோனியம் குளோரைடும் எளிதாகக் கிடைக்கும், பச்சையும் வேகமாக வரும். பிரச்சினை பிறகுதான் தலைகாட்டும். உலோகத்தில் தங்கும் குளோரைடு, செம்பு குளோரைடாக மாறி, ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெளிர் பச்சைப் பொடியாகப் பொங்கும். அந்த வினையில் உண்டாகும் அமிலம் மறுபடியும் செம்பை அரிக்கும், மறுபடியும் குளோரைடு உருவாகும். அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் இதை வெண்கல நோய் என்கிறார்கள். தொட்டால் தூளாக உதிரும் பச்சைப் புள்ளி தெரிந்தால் அதைப் பழமையின் அழகு என்று விட்டுவிடக் கூடாது. குளோரைடு பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் வினை முடிந்ததும் பலமுறை அலசி, முழுக்க உலர்த்துங்கள். வெளியில் நிற்கப்போகும் சிலைக்கு நான் இந்த வழியைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

மூச்சும் தீயும்

சூடான உலோகத்தில் நைட்ரேட் படும்போது எழும் புகையில் நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கிறது. முதலில் தொண்டை கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகு தெரியலாம். தூசி முகமூடி இதற்கு எந்த வகையிலும் உதவாது. முகமூடியில் மாட்டும் ஆசிட் வாயுவுக்கான சாதாரண வடிகட்டிக் கார்ட்ரிட்ஜும் இந்த வாயுவைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள், உறையில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த இடத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வீசும்படி நின்று வேலை செய்யுங்கள். மூடிய அறையில் வேண்டாம்.

லிவர் ஆஃப் சல்ஃபர் மீது அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அதிக அளவில் அது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்பதால் ஆபத்தும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மிச்சக் கரைசல்களை ஒரே வாளியில் கொட்டாதீர்கள். நைட்ரேட்டில் நனைந்து காய்ந்த துணி மிக எளிதில் தீப்பிடிக்கும், டார்ச் அருகில் குவித்து வைக்க வேண்டாம். பழைய ரெசிபிகளில் டைகுரோமேட், பாதரசம், ஆர்செனிக் எல்லாம் சர்வசாதாரணமாக வரும். பழமையான முறை என்ற மரியாதைக்காக அவற்றைத் தொட வேண்டாம்.

மெழுகு

உலர்ந்த பாட்டினாவைப் பார்த்து, நிறம் வெளிறியிருக்கிறதே என்று மேலும் மேலும் பூசிக்கொண்டே போவார்கள். மெழுகு ஏறியதும் எல்லா நிறமும் பல படி கருத்துவிடும், வெள்ளையும் வெளிர் நிறங்களும் பாதி மறைந்தே போகும். இறுதி நிறத்தை முன்கூட்டியே பார்க்க, ஆறிய சிலையில் தண்ணீர் தெளித்து நனைத்துப் பாருங்கள். ஏறத்தாழ அதுதான் மெழுகுக்குப் பிந்தைய நிறம்.

மெழுகைச் சிலை இளஞ்சூட்டில் இருக்கும்போது, உருகிப் பரவும் அளவுக்கு மட்டும் பூச வேண்டும். புகைந்தால் சூடு அதிகம். அலசாமல், ஈரம் போகாமல் மெழுகு பூசினால் உள்ளே சிக்கிய உப்பு வெண்மூட்டமாகத் தெரியும். வெளியில் நிற்கும் சிலைகளுக்கு மெழுகுக்கு முன் இன்க்ராலாக் போன்ற அக்ரிலிக் லாக்கர் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) பூசுவதும் உண்டு. அதில் செம்பு அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கலந்திருக்கிறது. லாக்கர் எங்காவது கீறிப் பெயர்ந்தால் அந்த இடம் மட்டும் தனி நிறமாகும், பிறகு முழுவதையும் எடுத்துவிட்டுப் பூச வேண்டிவரும். பராமரிக்க ஆள் இருக்கும் இடத்தில் வெறும் மெழுகே நல்லது: ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, மெல்லிசாக மறுபடி பூசினால் போதும்.