ஸ்டெப் கவுண்ட்டர்: பதின்வயதினர் எப்படித் தொடங்குவது?

ஸ்டெப் கவுண்ட்டர் என்பது நடக்கும்போது எடுத்துவைக்கும் அடிகளை எண்ணும் கருவி. முதலில் அதைச் சோதியுங்கள். இடுப்புப் பட்டையில், முழங்காலுக்கு நேர்மேலே மாட்டி, வாய்விட்டு எண்ணியபடி 100 அடி நடங்கள். 95க்குக் கீழோ 105க்கு மேலோ காட்டினால் இடத்தை மாற்றிப் பாருங்கள். தொளதொள உடையில் கிளிப் சாய்ந்தாலே எண்ணிக்கை குறையும். கைக்கடிகார வகை வேறு மாதிரி ஏமாற்றும்: சும்மா கையை ஆட்டினால் ஏறும், இரு கையாலும் புத்தகங்களைச் சுமந்து நடந்தால் பல அடிகளை விட்டுவிடும்.

முதல் 7 நாள் இலக்கே வேண்டாம். வழக்கம்போல் இருந்து, இரவில் எண்ணைக் குறித்துச் சராசரி எடுங்கள். அடுத்த வாரம் அதோடு 1,000 சேர்த்தால் போதும். பலரும் சொல்லும் 10,000 அடி இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்குச் சொல்வது அடிகளை அல்ல, நாளுக்குச் சராசரி 60 நிமிட மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பை. சைக்கிளும் நீச்சலும் இடுப்புக் கருவியில் சரியாகப் பதியாது. நிமிடக் கணக்கில் தனியே எழுதுங்கள்.