நான்காம் நிலை மார்பகப் புற்றுநோய்: மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு

மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன் பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (புற்றுசெல்லின் மேலுள்ள ஒரு புரதம்) என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். எந்த மருந்து என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவைதான். பக்கத்து பெட் அம்மாவுக்கு டிரிப்ஸில் மருந்து ஏறும்போது நமக்கு வெறும் மாத்திரையா என்று மனசு அடித்துக்கொள்ளும். நோயின் வகை வேறு, அவ்வளவுதான். ஹெர்-2 வரியில் '2+' என்று இருந்தால் ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை முடியும் வரை பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்ல முடியாது. பழைய மார்பக பயாப்ஸி மட்டும் கையில் இருந்தால், இப்போது பரவியிருக்கும் இடத்திலிருந்து மறுபடி சதை எடுக்கச் சொல்வார்கள். வீண் செலவு என்று மறுக்காதீர்கள், இடையில் வகை மாறியிருக்கலாம்.

அதிகம் காணப்படுவது ஹார்மோன் பாசிட்டிவ் (ஈ.ஆர். அல்லது பி.ஆர். பாசிட்டிவ்), ஹெர்-2 நெகட்டிவ் வகை. கல்லீரல் வேகமாகக் கெடுவது, மூச்சுத் திணறல் போன்ற அவசரம் இல்லாவிட்டால் இதற்கு முதலில் கீமோ கொடுப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை 2.5 மி.கி. தினமும் ஒன்று, இடைவெளியே கிடையாது. கூடவே புற்றுசெல் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப், அபெமாசிக்ளிப் மாத்திரைகள் மூன்றில் ஒன்று. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு லெட்ரோசோல் தனியாக வேலை செய்யாது. சினைப்பையை அடக்க 28 நாளுக்கு ஒருமுறை கோசரலின் 3.6 மி.கி. போன்ற ஊசி தேவை.

பால்போசிக்ளிப் வழக்கமாக 125 மி.கி. ஒன்று, ரைபோசிக்ளிப் 200 மி.கி. மாத்திரை மூன்றும் ஒரே வேளையில். இரண்டுமே 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடவேண்டும். அபெமாசிக்ளிப் 150 மி.கி. காலை, இரவு, ஓய்வு வாரம் இல்லாமல். பெரும்பாலான குழப்பம் இந்த 7 நாளில்தான் வருகிறது: லெட்ரோசோலையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள், அல்லது அட்டையில் மிச்சம் இருக்கிறதே என்று 22ஆம் நாளும் விழுங்குவார்கள். மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரே போதும். தேதிக்கு மேல் சிவப்பு பேனாவில் 1 முதல் 21 வரை எழுதி, விழுங்கியதும் அடித்துவிடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக்கூடாது. வாந்தியில் வெளியே வந்துவிட்டாலும் அன்றைக்கு இன்னொன்று வேண்டாம். பால்போசிக்ளிப் கேப்சூலாக இருந்தால் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள்.

பால்போசிக்ளிப்புக்கு முதல் இரண்டு சுற்றிலும் (ஒரு சுற்று 28 நாள்) 1ஆம் நாளும் 15ஆம் நாளும் ரத்தப் பரிசோதனை உண்டு. சுற்று தொடங்கும் நாளில் நியூட்ரோஃபில் (தொற்றோடு போராடும் வெள்ளை அணு) 1000க்குக் கீழே இருந்தால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள், பிறகு தேவைப்பட்டால் 100, 75 மி.கி. என்று குறைப்பார்கள். அளவைக் குறைத்ததால் வைத்தியம் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ரைபோசிக்ளிப்புக்கு ஈ.சி.ஜி.யும் கல்லீரல் பரிசோதனையும் சேரும். அபெமாசிக்ளிப்பில் பேதி, முதல் தடவை இளகிப் போனதுமே லோபெரமைட், நிறையத் தண்ணீர்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் கேஷுவாலிட்டிக்குப் போய், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

தெருமுனை மெடிக்கலில் தொண்டை வலிக்கு அசித்ரோமைசின், வாந்திக்கு ஒண்டான்செட்ரான் வாங்கிப் போடும் பழக்கம் ரைபோசிக்ளிப்போடு ஆகவே ஆகாது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் மூன்றும் இந்த மாத்திரைகளின் பலத்தை வற்றச்செய்யும். கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல், கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, பம்ப்ளிமாஸ் போன்ற பழம்) ஆகியவை மருந்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். லேகியமோ சூரணமோ எடுத்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார், திட்டட்டும்.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப், பெர்ட்டுசுமாப் ஊசிகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆரம்பத்தில் டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு. இதயம் தளரலாம் என்பதால் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ. டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டீகன் என்ற வேறொரு ஊசி ஏறும் காலத்தில் புதிதாக வறட்டு இருமல் வந்தால் அன்றே தெரிவியுங்கள், நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். மூன்றும் நெகட்டிவ் என்றால் பி.டி.-எல்1 (கட்டியில் உள்ள ஒரு புரதம்), பி.ஆர்.சி.ஏ. (பரம்பரையாக வரக்கூடிய மரபணு மாற்றம்) பரிசோதனைகளைக் கேளுங்கள், பி.ஆர்.சி.ஏ. மாற்றம் இருந்தால் ஒலாபரிப் மாத்திரைக்கு வழி உண்டு.

ஊசியை வெளியில் வாங்கிவரச் சொன்னால் சென்னை வெயிலை நினைவில் வையுங்கள். டிராஸ்டுசுமாப், ஹார்மோன் பாசிட்டிவ் வகைக்குப் போடும் ஃபுல்வெஸ்ட்ரான்ட் இரண்டும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஜெல்லைத் துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியில் படாமல் வையுங்கள். உறைந்துபோனாலும் மருந்து கெட்டதுதான். வீட்டு ஃபிரீசர் கூடவே கூடாது.

எலும்பில் பரவியிருந்தால் எலும்பைக் காக்கும் சோலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி. ஏற்றுவார்கள். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்கவேண்டியதைப் பிடுங்கி ஆறவிடுங்கள். ஊசி தொடங்கியபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

செலவு விஷயம். பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் இந்தியாவில் முடிந்து, பல கம்பெனிகளின் மாத்திரை வந்துவிட்டது. அட்டையில் அச்சிட்ட விலையை நம்பாமல் இரண்டு மூன்று மொத்தக் கடைகளில் விற்கும் விலையைக் கேட்டு, பேட்ச் எண் போட்ட பில்லோடு வாங்குங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இரண்டிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. எந்த மருந்துக்கு அனுமதி கிடைக்கும் என்று காப்பீட்டு கவுண்டரில் முதல் சுற்று தொடங்குமுன்பே கேட்டுவிடுங்கள்.